யாருக்குத் துரோகம்?

கேள்வி: சென்ற இதழில் டிலனாயைப் புகழ்ந்து தள்ளிவிட்டீர்கள். டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து குளச்சல் போரில் தோற்றுக் கைதாகி, தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கே உதயகிரிக் கோட்டையைக் கட்டிக் கொடுத்தவர் அவர். சொந்த நாட்டுக்குத் துரோகம் செய்தவரைக் கொண்டாடலாமா?
(ஒரு வாசகர், தக்கலை)

பதில்: எந்த நாட்டுக்கு? டிலனாய் டச்சுக்காரரே அல்ல. ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம், வட பிரான்ஸ்) பக்கத்துக் கத்தோலிக்கர். 1741இல் அவர் குளச்சலுக்கு வந்தது மிளகு வாங்கி விற்கும் ஒரு கம்பெனியின் சம்பளத்துக்கு. அந்தக் கம்பெனிப் படையில் பல தேசத்து ஆட்களும் கூலிக்குச் சேர்ந்திருந்தார்கள். முதலாளி மாறினார், அவ்வளவுதான். இன்றைய தேசபக்தியை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

கோட்டை விஷயத்திலும் ஒரு திருத்தம். உதயகிரிக் கோட்டை நிற்கும் புலியூர்க்குறிச்சியில் அதற்கு முன்பே கோட்டை இருந்தது. மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான் அதைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டினார்கள். உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறையும் வந்தது. அந்தக் கற்களைச் சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

டிலனாயின் பெரிய வேலை வடக்கே நடந்தது. கொச்சிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை, ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுங்கோட்டை. பெரும்பகுதி கல்லே கிடையாது: மண் மதில், முன்னால் அகழி, ஆள் நுழைய முடியாதபடி நெருக்கி வளர்த்த முள் மூங்கில். அந்த மண்ணில் எது நிற்கும், அந்த மழையில் எது செழிக்கும் என்று தெரிந்து போட்ட திட்டம் அது. டிலனாய் இறந்து 12 ஆண்டு கழித்து, 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தானின் படை அதன்மேல் பாய்ந்தது. முதல் தாக்குதலில் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. மறு ஆண்டுதான் உடைத்து உள்ளே வந்தார்கள்.

'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) என்று திருவிதாங்கூர் டிலனாயை அழைத்தது. உதயகிரிக் கோட்டைக்குள், கூரை போன தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மனைவி, மகன் கல்லறைகளும் அங்கேயே. லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள்: ஏறக்குறைய 37 ஆண்டு மன்னருக்கு உண்மையாக உழைத்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை எல்லா அரசுகளையும் அடக்கினார், 1777 ஜூன் 1இல் காலமானார். அடக்கப்பட்ட அந்தச் சின்ன அரசுகளின் மக்கள் இந்த வரியை எப்படி வாசித்திருப்பார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். நீங்கள் கேட்கவில்லை.

இன்னொன்றையும் கேட்கவில்லை. அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்தவ வேதத்தை எடுத்துச் சொன்னவர் இந்த டிலனாய்தான். பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் மன்னரின் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் டிலனாய். அதற்குப் பிறகும் 25 ஆண்டு, சாகும்வரை, அதே அரசுக்குத்தான் ஊழியம் செய்தார். இதைத் துரோகம் என்று எழுதியிருந்தீர்களானால், மறுத்துப் பேச எனக்கு வாய் வந்திருக்காது.