மாலத்தீவு: அறை பிடிக்கும் முன் படகு நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: நானும் மனைவியும் ஆறு வயது மகளும் நான்கு இரவுகள் மாலத்தீவில் தங்கப் போகிறோம். மாலையில் 4:30க்கு மாலேயில் இறங்குகிறோம். பார்த்து வைத்திருக்கும் ரிசார்ட்டுக்கு, தண்ணீரில் இறங்கும் சிறு விமானமான சீப்ளேனில்தான் போக முடியுமாம். அந்தக் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: கட்டணத்தை விடுங்கள், உங்களுக்கு முதல் சிக்கல் நேரம்தான். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பொதுவாகப் பிற்பகல் 3:30 மணிக்குள் மாலேயில் இறங்கியவர்களுக்குத்தான் அன்றே இடம் கிடைக்கும். 4:30க்கு இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து வருவதற்குள் கடைசி சீப்ளேன் போயிருக்கும். அப்படியானால் முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவில்தான். விமான நிலையத்திலிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ சாலை வழியாகவே போய்விடலாம். ஆனால் அந்த இரவுக்கும் சேர்த்து ரிசார்ட்டில் பணம் கட்டிவிடாதீர்கள்.

சீப்ளேனுக்குப் போக வர ஆளுக்கு 400 டாலரைத் தாண்டும் ரிசார்ட்டுகள் நிறைய. குழந்தைக் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு. மேலிருந்து பவளத்திட்டுகளைப் பார்ப்பது அருமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் நான்கே இரவுகளுக்கு, அதுவும் மாலையில் இறங்கும் குடும்பத்துக்கு, நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் ஸ்பீட் போட்டில் போகக்கூடிய ரிசார்ட்டுகள் நிறைய இருக்கின்றன. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே படகுத்துறைதான். பல ரிசார்ட்டுகள் இரவிலும் படகு அனுப்பும்.

இன்னும் குறைக்க வேண்டுமானால் மாஃபுஷி. உள்ளூர் மக்கள் வாழும் தீவு, விருந்தினர் இல்லங்கள் ஏராளம். மற்றவர்களோடு சேர்ந்து போகும் ஸ்பீட் போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு வழிக்கு ஆளுக்கு ஏறத்தாழ 25 டாலர். மாலே நகரிலிருந்து (விமான நிலையத்திலிருந்து அல்ல) புறப்படும் அரசு ஃபெர்ரி மிக மலிவு, ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமை ஓடாது. நீங்கள் இறங்கும் நேரத்துக்கு அது தோதுப்படாது. வெள்ளியன்று தொழுகை நேரத்தை ஒட்டி ஸ்பீட் போட் நேரங்களும் மாறும். அப்புறம், அங்கே மது கிடையாது. நீச்சலுடையும் அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான்.

என் யோசனை: முதல் இரண்டு இரவு மாஃபுஷி, அடுத்த இரண்டு ஸ்பீட் போட் ரிசார்ட். ரிசார்ட் படகுகள் பெரும்பாலும் விமான நிலையத்திலிருந்தே கிளம்பும் என்பதால், இடையில் ஒருமுறை அங்கே திரும்பி வர வேண்டியிருக்கும். பரவாயில்லை, சீப்ளேன் கட்டணத்தோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம், கடல் குலுக்கும். மகளுக்கு வாந்தி வரும் வழக்கமிருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், படகின் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும்.

திரும்பும் நாளில் ஒன்று கவனியுங்கள். மாலே நம்மைவிட அரை மணி நேரம் பின்னால். சில ரிசார்ட்டுகளோ தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். படகு நேரம் சொன்னால் அது எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.