கையெழுத்துப் போடும் முன்: ஏ.பி. பிசிக்ஸ் வகுப்பின் விதிமுறைத் தாள் பற்றி

வணக்கம் சகோதரி. கோவையில் பத்தாம் வகுப்பில் அறிவியலில் 98 வாங்கிய மகள் அமெரிக்காவில் டாலஸுக்கு வடக்கே ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஏ.பி. பிசிக்ஸ் 1 எடுத்திருக்கிறாள் என்றும், முதல் வாரமே நான்கு பக்க விதிமுறைத் தாளைக் கொடுத்துப் பெற்றோரும் மாணவியும் கையெழுத்திடச் சொன்னார்கள் என்றும், அதைப் படித்தால் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உடனே டியூஷன் வைக்கலாமா, டிசம்பரில் அண்ணன் மகன் திருமணத்துக்கு மூன்று வாரம் ஊருக்குப் போனால் சிக்கல் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன்; என் இரண்டு பிள்ளைகளும் இதே வகுப்பைப் படித்து முடித்தவர்கள். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பாடத்தைப் பற்றி. ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்த கல்லூரி நிலைப் பாடம். மே மாதம் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. இயற்பியலில் நான்கு பாடங்கள் உண்டு: 1, 2, பிறகு 'சி' வரிசையில் இயக்கவியல் ஒன்று, மின்காந்தவியல் ஒன்று. 'சி' பாடங்களுக்கு நுண்கணிதம் (கால்குலஸ்) வேண்டும். நம்மவர்கள் பலர் 'பொறியியலுக்கு சி தான் செல்லும்' என்று கேள்விப்பட்டு, பிள்ளை வகையீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அதில் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள். 1-ல் எடுத்த மதிப்பெண்ணுக்காகக் கல்லூரி இயற்பியல் பாடத்திலிருந்து பொறியியல் துறைகள் பல விலக்குத் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பத்தாம் வகுப்போடு வந்த பிள்ளைக்கு இந்த ஆண்டு 1-ம், நுண்கணிதத்தோடு சேர்த்து அடுத்த ஆண்டு சி-யும் என்பதே சரியான வரிசை. பள்ளி உங்கள் மகளைத் தவறான இடத்தில் வைக்கவில்லை.

இனி அந்தத் தாள். தேர்வுகளுக்கு 60 சதவீதம், ஆய்வகத்துக்கு 25, வீட்டுப்பாடத்துக்கு 15 என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப்பாடத்தைப் பெரும்பாலும் முயன்று செய்திருக்கிறாளா என்று மட்டுமே பார்ப்பார்கள். ஆனால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 10 மதிப்பெண் குறைப்பு, மூன்று நாள் தாண்டினால் பூச்சியம் என்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நடத்துவார்கள். 'சார், ஒரு நாள் மட்டும்' என்று நம் ஊரில் கேட்டு வாங்கும் சலுகை இங்கே கிடைக்காது. அதைக் கடுமை என்று நினைக்க வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு, அவ்வளவுதான். ஒரு சின்ன எச்சரிக்கை: இணையத்தில் மதிப்பெண் பக்கத்தைத் திறந்தால் இரவு ஏழு மணிக்குச் சில சமயம் பூச்சியம் தெரியும். ஆசிரியர் இன்னும் திருத்தாத தாளுக்கு இடம்பிடித்து வைத்த எண்ணாக அது இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் தொடங்க வேண்டாம், நாங்கள் தொடங்கியிருக்கிறோம்.

உங்களை அதிர வைக்கப்போவது முதல் தேர்வு. 98 வாங்கிய பிள்ளை 62 வாங்கிக்கொண்டு வருவாள், காரணமும் அவளுக்குப் புரியாது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வழவழப்பான மேசையில் 2 கிலோகிராம் வண்டி. அதிலிருந்து ஒரு கயிறு கப்பி மீது போய் மறுமுனையில் அரைக் கிலோ எடை தொங்குகிறது. வண்டியைக் கையால் பிடித்திருக்கிறோம். கையை எடுத்தால் கயிற்றின் இழுவிசை கூடுமா, குறையுமா, மாறாதா? நம் பிள்ளைகள் உடனே சூத்திரத்தைப் போட்டு, பிடித்திருக்கும்போது 5 நியூட்டன், விட்டபின் முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 4 நியூட்டன் என்று நான்கே வரியில் முடித்துவிடுவார்கள். எல்லாம் சரி. ஆனால் கேள்வியில் 'சமன்பாடுகளைக் கையாளாமல் விளக்குக' என்று இருக்கும். தொங்கும் எடை கீழ்நோக்கி முடுக்கம் பெறுகிறது, ஆகவே அதன் மீதான நிகர விசை கீழ்நோக்கியது, ஆகவே மேல்நோக்கி இழுக்கும் கயிற்றின் விசை அதன் எடையைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும் என்று மூன்று வாக்கியம் எழுதினால்தான் அந்தப் பகுதிக்கு மதிப்பெண். எண் இல்லாத விடைக்கு மதிப்பெண் உண்டு என்பதே நம் பிள்ளைகளுக்குப் புதிய செய்தி.

மே மாதத் தேர்விலும் இதே போக்குதான். 80 நிமிடத்தில் 40 கொள்குறி வினாக்கள், 100 நிமிடத்தில் எழுதி விடையளிக்கும் நான்கு வினாக்கள். இரண்டுக்கும் பாதிப் பாதி. அந்த நான்கில் ஒன்று முழுக்கச் சோதனையை வடிவமைப்பது பற்றியது. இன்னொன்று கணக்கையும் சொல்லால் தரும் விளக்கத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டச் சொல்வது. சூத்திரப் பட்டியலை அவர்களே கையில் கொடுத்துவிடுகிறார்கள், கால்குலேட்டரும் வைத்துக்கொள்ளலாம். எனவே மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. பல ஆண்டுகள் இந்தத் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் பாதிக்கும் குறைவு. அதே சமயம் முழு மதிப்பெண்ணுக்கு வெகு கீழேயே 5 கிடைத்துவிடும் என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

தாளின் மூன்றாம் பக்கத்தில் கல்வி நேர்மை பற்றி ஒரு பத்தி இருக்கிறது என்றும், 'இதெல்லாம் என் பெண்ணுக்குத் தேவையில்லை' என்றும் எழுதியிருந்தீர்கள். மன்னிக்கவும், அந்தப் பத்தியைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். என் மகன் படித்த ஆண்டில் தனி ஊசல் சோதனை. ஐந்து நீளங்களுக்கு அலைவு நேரம் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அவனுக்கு 9.4 வந்தது. திருநெல்வேலியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் விடையிலிருந்து பின்னோக்கி அளவீட்டை எழுதிப் பழகிய கை என்னுடையது. 'அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடு, 9.8 வந்துவிடும்' என்று சொன்னது நான்தான். அவனோடு அளந்த மற்ற இரண்டு பிள்ளைகளின் தாளில் பழைய எண் இருந்தது. ஆசிரியர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்தச் சோதனைக்குப் பூச்சியம், பள்ளி ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல்.

அதைவிடக் குத்தியது பின்னர் ஆசிரியர் விளக்கியதுதான். பிள்ளைகள் ஊசல் குண்டின் மையம் வரை அளக்காமல் நூல் முடியும் இடம் வரை மட்டும் அளந்திருக்கிறார்கள். குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நீளம் குறைவாக இருக்கும்போது அந்தப் பிழை நூற்றுக்கு நான்கு வரை போய்விடும், அதனால்தான் 9.4. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடமாக்கினால் கோட்டின் சாய்வு சரியான மதிப்பையே தரும்; கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாது. அந்த விலகலைப் பார்த்து 'நீளத்தை எங்கே தவறவிட்டோம்' என்று எழுதுவதற்குத்தான் முழு மதிப்பெண் வைத்திருந்தார். நான் திருத்தச் சொல்லி அழித்தது அந்தத் தடயத்தை. அளந்த எண் அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும், அளவீடுகளைக் குழுவாகப் பகிரலாம், விளக்கத்தை மட்டும் தனித்தனியாக எழுத வேண்டும்: தாளில் உள்ள பத்தியின் பொருள் இவ்வளவே. தோழியின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்து எழுதும் பழக்கம் நம் ஊரில் நட்பின் அடையாளம். இங்கே இருவருக்குமே பூச்சியம்.

டியூஷனை இப்போது வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த ஊரில் நம்மவர்கள் நடத்தும் வகுப்புகள் பல ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பாணியில் கணக்கு வேகத்தைக் கூட்டுகின்றன. அவளிடம் ஏற்கெனவே இருப்பது அதுதான். பள்ளி தொடங்கும் முன் காலையில் ஆசிரியர்கள் இலவசமாகச் சந்தேகம் தீர்க்கும் நேரம் தாளிலேயே இருக்கும், அங்கே போகச் சொல்லுங்கள். காலேஜ் போர்டு பழைய எழுத்து வினாக்களையும் அவற்றைத் திருத்தும் அளவுகோலையும் வெளியிட்டிருக்கிறது. வாரம் ஒரு வினா எழுதி, அந்த அளவுகோலை வைத்து அவளே தன் விடைக்கு மதிப்பெண் போடட்டும். எந்த வாக்கியத்துக்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்பது இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிடும். 70-க்குக் கீழே போனால் பிழைதிருத்தி 70 வரை மீட்கலாம் என்ற விதி இருந்தால் வெட்கப்படாமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் அவளாகவே இருக்க வேண்டும்; பெற்றோர் முதலில் எழுதினால் பதில் மரியாதையாக வரும், காரியம் நடக்காது.

டிசம்பர்ப் பயணம் கொஞ்சம் கவலைக்குரியது. அரையாண்டுத் தேர்வுகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்னதாக வரும், குடும்பத் திருமணத்துக்காகப் போனால் அனுமதியற்ற விடுப்பாகவே பதிவு செய்வார்கள். டெக்சஸ் சட்டப்படி வகுப்பு நாட்களில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் (கிரெடிட்) சேர்ப்பார்கள். இதற்கு மேல் வகுப்பு வரிசை, அதாவது உடன்படிக்கும் பிள்ளைகளிடையே மதிப்பெண்ணில் எத்தனையாவது இடம் என்ற கணக்கு, ஒன்று இருக்கிறது: 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், மாநிலத்துப் பள்ளிகளில் முதல் 5 சதவீதத்தில் வருவோருக்குத்தான் தானாக இடம் தருகிறது. எனவே மகளின் தேர்வு முடிந்த அன்றிரவு கிளம்பும்படி பயணச்சீட்டு எடுங்கள். நிச்சயதார்த்தத்தை விட்டாலும் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பள்ளிக்கு அக்டோபரிலேயே எழுதித் தெரிவித்து விடுங்கள். மே மாதத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கெடுவும் நவம்பர் நடுவில் முடியும். கட்டணம் சுமார் 100 டாலர்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த நான்கு பக்கத்தையும் அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு விதியையும் அவள் வார்த்தையில் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எந்த விதியில் தடுமாறுகிறாளோ அதை எனக்கு எழுதுங்கள்.