கல் கொட்டலாமா, வேண்டாமா: ஒரு செமஸ்டருக்கு ஒரே கேள்வி

கேள்வி: 'நீடித்த வளர்ச்சி' மாதிரி சிக்கலான பொருளை வைத்துக் கல்லூரியில் எழுத்துப் பயிற்சி வகுப்பை எப்படி அமைப்பது?

முதல் வருஷம் நான் செய்த தப்பு: 'நீடித்த வளர்ச்சி' என்று போர்டில் எழுதிவிட்டுக் கட்டுரை கேட்டேன். வந்ததெல்லாம் ஒரே கட்டுரை. மரம் நடுவோம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், வருங்காலச் சந்ததி. பள்ளியில் மனப்பாடம் செய்த குறிப்புச்சட்டகம், முன்னுரையிலிருந்து முடிவுரை வரை. பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை, தலைப்பு அப்படி.

இப்போது செமஸ்டர் முழுக்க ஒரே கேள்விதான். புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையில் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டலாமா?

இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, நகரத்துக் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு தமிழ்நாட்டு எல்லைக்குள் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் நகர்ந்தது. அங்கே வீடு இழந்தவர்கள் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்கிறார்கள். கட்டிக்கொடுத்தால் அடுத்த குப்பத்துக்கு மணல் வராது. யார் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் இருக்கும். பாடம் நடத்த அதுதான் வேண்டும்.

முதல் வேலை, கரைக்குப் போய்ப் பார்த்ததை மட்டும் எழுதுவது. 'வேண்டும்' என்று முடியும் வாக்கியத்துக்குத் தடை. (இந்த ஒரு விதியிலேயே பாதிப்பேர் திணறிப்போவார்கள்.) அடுத்து மூன்று கடிதம். கலெக்டருக்கு ஊர்ப் பஞ்சாயத்து மனு, பொறியாளரின் பதில், வடக்கே உள்ள ஊரின் ஆட்சேபம். மூன்றையும் ஒரே ஆள் எழுத வேண்டும். மார்க்கில் பாதி, திருத்தி எழுதியதற்கு.

'கடலுக்கடியில் தடுப்பு போட்டால் சரியாகிவிடும்' என்று ஒருவராவது எழுதுவார். புதுச்சேரித் தலைமைச் செயலகம் அருகே 2018இல் போட்டார்கள், மணலும் திரும்பி வந்தது. 'சரி, அதே மணலை எதிர்பார்த்திருந்த ஊர் எது?' என்று மார்ஜினில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.

போன வருஷம் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் மனுவை அருமையாக எழுதியிருந்தாள். ஆட்சேபக் கடிதத்தோடு மட்டும் வந்து நின்றாள். "சார், எங்க ஊருக்குக் கல்லு போட்டா எங்க அக்காவக் கட்டிக்குடுத்த ஊரு போயிடும். அதையும் எழுதணுமா?"

எழுதச் சொன்னேன். நான்கு முறை திருத்தினாள். கடைசிவரை 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே எந்த ஊர்ப் பெயரும் போடவில்லை. நானும் மார்க் குறைக்கவில்லை.