அமெரிக்கக் காக்டெயிலின் முதல் நூறு ஆண்டுகள்: கேள்வி பதில்

1800-லிருந்து 1920 வரையிலான அமெரிக்க மதுக்கூடங்கள், அங்கே பானம் கலந்தவர்கள், அவர்கள் கலந்த பானங்கள். இதுதான் என் எல்லை. வந்த கேள்விகளில் இதற்குள் வருபவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர், திருச்சி): சார், முதல் காக்டெயில் எது? எங்கள் பாடப் புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, வகுப்பில் வேறு சொல்கிறார்கள்.

முதல் காக்டெயில் எது என்று யாராலும் காட்ட முடியாது. முதலில் அச்சில் விளக்கம் வந்தது எப்போது என்று காட்டலாம். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் ஒரு பத்திரிகை நடந்தது. 1806 மே 6 இதழில், தேர்தலில் தோற்ற ஒரு வேட்பாளரின் செலவுக் கணக்கு போலக் கிண்டலாக ஒரு பட்டியல் வந்தது. 720 ரம் கிராக், 32 ஜின் ஸ்லிங், 411 கிளாஸ் பிட்டர்ஸ் (மூலிகைகளை மதுவில் ஊறவைத்த கசப்புச் சாறு), 25 காக்டெயில், கடைசியில் ‘என் தேர்தல்’. இவ்வளவும் நஷ்டக் கணக்கில். லாபக் கணக்கில் ஒன்றுமில்லை.

அதைப் படித்த ஒரு வாசகர், காக்டெயில் என்றால் என்ன என்று கேட்டு எழுதினார். ஆசிரியர் ஹாரி கிராஸ்வெல் மே 13 இதழில் பதில் போட்டார்: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். மக்கள் அதைக் கசப்பு ஸ்லிங் என்றும் சொல்வார்கள் என்று சேர்த்தார். எதிர்க்கட்சி வேட்பாளருக்கு இது ரொம்ப உதவும், இதை விழுங்கியவர் வேறு எதையும் விழுங்கத் தயாராகிவிடுவார் என்று ஒரு குத்தும் வைத்தார்.

இந்த நான்கு பொருளையும் மனதில் வையுங்கள். அன்று காக்டெயில் என்பது கலந்த பானங்கள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர் இல்லை. பஞ்ச், ஜூலெப் (மது, சர்க்கரை, புதினா), ஸ்லிங், ஃப்ளிப், கிராக் என்று பெரிய குடும்பம் இருந்தது. அதில் காக்டெயில் ஒரு சின்னப் பிள்ளை. பிட்டர்ஸ் மருந்துக்கடைச் சரக்கு என்பதால், காலையில் வயிற்றுக்கும் தலைவலிக்கும் குடிப்பது என்ற பெயர் அதற்கு இருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் 1803-ல் வந்த ஒரு பத்திரிகைக் குறிப்பும் தலைக்கு நல்லது என்றுதான் சொல்கிறது.

கேள்வி (சேலம்): காக்டெயில் என்ற பெயர் எப்படி வந்தது? முட்டைக் கிண்ணத்துக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகப் படித்தேன்.

அந்தக் கதை நியூ ஆர்லியன்ஸ் மருந்துக்கடைக்காரர் பெய்ஷோவை வைத்துச் சொல்லப்படுவது. காக்டெயில் என்ற சொல் 1803-லேயே அச்சில் இருக்கிறது, அப்போது அவர் கைக்குழந்தை. கதை அங்கேயே முடிந்தது.

கேள்வி (பெங்களூர்): மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சரக்கின் நாற்றத்தை மறைக்கத்தான் காக்டெயில் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே?

இல்லை. அமெரிக்க மதுவிலக்கு 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை. மன்ஹாட்டன், மார்டினி, ஓல்ட் ஃபேஷன்ட், டைகிரி எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1862 (ஜெர்ரி தாமஸ் எழுதியது), 1882, 1884 என்று வரிசையாகப் பானக் கையேடுகள் இருக்கின்றன. மட்டமான சரக்கில் பழச்சாறும் தேனும் சேர்த்து மறைத்தது உண்மைதான், ஆனால் காக்டெயிலை மதுவிலக்கு உருவாக்கவில்லை. அது செய்ததெல்லாம் ஒரு தொழிலை உடைத்ததுதான். தேர்ந்த கைகள் லண்டனுக்கும் ஹவானாவுக்கும் போயின. ஹாரி கிராடாக் நியூயார்க்கிலிருந்து லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் போனது அப்படித்தான். உள்ளூரில் இருந்தவர்கள் வேறு வேலை தேடினார்கள். தொழிற்சாலைச் சாராயத்தில் சேர்க்கப்பட்ட மெத்தனால் பலரைக் கொன்றது. இந்தக் காலத்தை ஜாஸ் இசையும் ரகசியக் கதவுமாக அழகுபடுத்திச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி (சென்னை): எந்த ஒரு விஷயம் அமெரிக்க பாரை ஐரோப்பிய மதுக்கடையிலிருந்து வேறாக்கியது?

ஐஸ். தயங்காமல் சொல்வேன்.

பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர் 1806-ல் மார்டினிக் தீவுக்கு முதல் ஐஸ் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது, முதல் வருஷங்களில் நஷ்டம்தான். அவர் விடவில்லை. வெதுவெதுப்பான பானத்துக்கு என்ன விலையோ அதே விலைக்குக் குளிர்ந்த பானத்தைக் கொடுக்க மதுக்கூடக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார். ஒரு தடவை குளிராகக் குடித்தவர் மறுபடி வெதுவெதுப்புக்குத் திரும்ப மாட்டார் என்பது அவர் கணக்கு. 1825-ல் நதானியல் வையத், குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கலப்பையைக் கொண்டுவந்தார். உறைந்த ஏரியின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒரே அளவுப் பாளங்களாக எடுக்கலாம். ஒரே அளவு என்பதால் கப்பலில் இடைவெளியில்லாமல் அடுக்கலாம், உருகுவதும் குறையும். மரத்தூள் போட்டு மூடினால் கடல் தாண்டும். 1833-ல் பாஸ்டனிலிருந்து 180 டன் ஏற்றிய கப்பல் நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது.

உங்கள் ஊரிலேயே சாட்சி நிற்கிறது. மெரினாவுக்கு எதிரே, இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அந்த ஐஸ் ஹவுஸ் 1842-வாக்கில் டியூடரின் ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளின் ஐஸ்தான் நியூயார்க் பாருக்கும் போனது, மதராஸ் துரைமார் கிளாஸுக்கும் வந்தது.

ஐஸ் மலிவானதும் மதுக்கூடக்காரரின் வேலையே மாறிவிட்டது. பாளத்தை உடைக்க ஒரு கருவி, சீவ ஒன்று, ஐஸைத் தடுத்து வடிகட்ட ஒன்று. ஜூலெப்புக்குச் சீவல், குலுக்க உடைத்த துண்டு, கிளாஸில் மிதக்க ஒரு கட்டி என்று எதற்கு எது என்பதே ஒரு கல்வி. ஷெர்ரி காப்ளர் என்ற பானத்தைப் பாருங்கள்: ஷெர்ரி ஒயின், சர்க்கரை, ஆரஞ்சுத் துண்டுகள், மேலே பொடித்த ஐஸ் குவியல். ஐஸ் பல்லில் படாமல் குடிக்க வேண்டுமே, அதற்காக ரை தானியத்தின் தாளை உறிஞ்சுகுழலாகப் போட்டார்கள். 1842-ல் அமெரிக்கா வந்த டிக்கன்ஸ் இதில் மயங்கிப்போனார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, எங்கள் பக்கத்துத் தென்னஞ்சாராயத்துக்கு இந்த வரலாற்றில் இடம் உண்டா?

நிச்சயம் உண்டு. பஞ்ச் என்ற பானத்தை ஆங்கிலேயர் இந்தியக் கடற்கரையில்தான் பழகினார்கள். அது பேசப்படும் மிகப் பழைய கடிதங்களில் ஒன்று 1632-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் எழுதியது. கடிதம் போன இடம் இன்றைய ஆந்திரக் கரையில் இருந்த பெட்டபொலி. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், சாதிக்காய் போன்ற வாசனைப் பொருள்: இதுதான் அடிப்படை. கோவா, கொழும்புச் சாராயமும் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) சாராயமும் கப்பலேறின. அமெரிக்காவுக்குப் போகும்போது விலை எகிறியது. அங்கே கரும்புப் பாகில் காய்ச்சிய ரம் மலிவு, அதனால் பஞ்ச் ரம்முக்கு மாறியது.

ஆனால் அந்தச் சுவையின் மதிப்பு போகவில்லை. 1862 கையேட்டில் சாராயப் பஞ்சுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. போலிச் சாராயப் பஞ்சுக்கும் ஒன்று இருக்கிறது! ரம்மில் சாம்பிராணியிலிருந்து சூடேற்றி எடுத்த உப்பைக் கரைத்துவிடுவது. தயவுசெய்து பூஜை அறைச் சாம்பிராணியை எடுத்து இதைச் செய்து பார்க்காதீர்கள். அந்தக் காலத்துக் கையேட்டில் இருப்பதெல்லாம் வயிற்றுக்கு ஏற்றதில்லை.

கேள்வி (ஹைதராபாத்): 1862 கையேட்டை எழுதிய ஜெர்ரி தாமஸ்தானே காக்டெயிலின் தந்தை?

பெரிய மனிதர், மறுக்கவில்லை. 1830-ல் பிறந்து, தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியா போய், நியூயார்க்கில் பேரும் புகழும் பார்த்தவர். தொழில் ரகசியமாக வாய்வழி இருந்ததை அச்சில் போட்டார், அதற்கு நன்றி. ஆனால் தந்தை என்பதை ஏற்க மாட்டேன். அந்தப் புத்தகத்தில் 200-க்கும் மேற்பட்ட குறிப்புகளில் காக்டெயில் என்ற தலைப்பில் வருவது பத்துக்கு அருகில்தான். பலவும் அவருக்கு முன்பே ஊரில் புழங்கியவை. டாம் அண்ட் ஜெர்ரி என்ற முட்டைப் பானம் தன் கண்டுபிடிப்பு என்றார். அவர் பிறப்பதற்கு முன்பே அது அச்சில் இருக்கிறது.

அவர் சின்னப் பையனாக இருந்தபோதே நியூயார்க் நகரத்துக்கு வெளியே கேட்டோ அலெக்சாண்டரின் விடுதி புகழ்பெற்றிருந்தது. கேட்டோ அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். அவர் பஞ்சுக்கும் ஜூலெப்புக்கும் பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதே வாசகர்: இன்றைய அரசியலைப் பழைய காலத்தில் புகுத்துகிறீர்கள். எழுதி வைத்தவருக்குத்தானே பெருமை போகும்?

இன்னொருவர் (மதுரை): நானும் அதைத்தான் கேட்கிறேன். அவ்வளவு திறமை இருந்தால் அவர்களும் எழுதியிருக்கலாமே?

இதை விட்டுப் போக முடியாது, நின்று பதில் சொல்கிறேன்.

வர்ஜீனியாதான் ஜூலெப்பின் ஊர். அங்கே 1831-ல், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் எழுதப் படிக்கக் கற்கக் கூடுவதையே சட்டம் தடை செய்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ‘எழுதியிருக்கலாமே’ என்று கேட்பீர்களா?

அதே வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஜான் டாப்னி. அடிமை. உரிமையாளர் அவரை ஹோட்டல்களுக்கு வாடகைக்கு விட்டார். அவருடைய ஹெயில்ஸ்டார்ம் ஜூலெப், பொடி ஐஸைக் கோபுரமாகக் குவித்துச் செய்வது. அதில் வந்த பணத்தில் தன் மனைவியின் விடுதலையை வாங்கினார். தன் விடுதலைக்கும் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறையே ஒழிந்தது; மீதிக் கடன் சட்டப்படி செல்லாது. அவர் அதையும் கட்டி முடித்தார். ஜூலெப் வரலாறு எழுதும்போது இவரை எப்படி அடிக்குறிப்பில் தள்ளுவது?

ஹைதராபாத் வாசகர் மறுபடி: உணர்ச்சிகரமாக இருக்கிறது. ஆனால் புதிய பானம் எதையாவது அவர் கண்டுபிடித்தார் என்று காட்டுங்கள்.

கண்டுபிடிப்பு என்ற அளவுகோலைத் தாமஸுக்கும் வையுங்கள், அவருக்கும் கை நிறைய மிஞ்சாது. பானம் கலப்பது கைவேலை. ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்த்து, கொஞ்சம் மாற்றி, இன்னும் நன்றாகச் செய்வது. அதில் யார் பெயர் நின்றது என்பதை அச்சகம் முடிவு செய்தது. கறுப்பினத்தவர் ஒருவர் எழுதிய முதல் காக்டெயில் நூலாக அறியப்படுவது செயின்ட் லூயிஸில் வேலை பார்த்த டாம் புல்லக்கின் நூல். வந்த வருஷம் 1917. தாமஸுக்கும் அவருக்கும் நடுவே 55 வருஷம். 1913-ல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு அவதூறு வழக்கில், புல்லக் ஊரின் ஜூலெப்பில் கொஞ்சம்தான் குடித்தேன் என்று சாட்சி சொன்னார். புல்லக் கலந்த ஜூலெப்பை யாராவது பாதியில் வைப்பார்களா என்று உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கமே எழுதியது. அந்தப் புகழ் இருந்தும் புத்தகம் வர அவ்வளவு காலம் ஆனது. வந்த மூன்றாம் வருஷம் மதுவிலக்கு.

இந்த விவாதத்தில் என் பங்கு இவ்வளவுதான். அடுத்தவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (கோவை): மன்ஹாட்டனைச் சர்ச்சிலின் அம்மா ஒரு விருந்தில் உருவாக்கினாராமே?

விருந்து 1874 கடைசியில் நியூயார்க்கில் நடந்ததாகக் கதை. அந்த நவம்பர் 30 அன்று அவர் இங்கிலாந்தில் சர்ச்சிலைப் பெற்றுக்கொண்டிருந்தார்.

கேள்வி (புதுச்சேரி): ஓல்ட் ஃபேஷன்ட் கென்டக்கியின் பெண்டனிஸ் கிளப்பில் பிறந்ததா?

கிளப் 1881-ல் தொடங்கியது. ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயில் 1880-லேயே சிகாகோ செய்தித்தாளில் இருக்கிறது. குராசாவ், மராஸ்கினோ போன்ற இனிப்பு மதுக்கள் என்று எல்லாவற்றையும் கிளாஸில் ஊற்ற ஆரம்பித்ததும், பழைய ஆட்கள் ‘அந்தப் பழைய மாதிரி கொடுங்க’ என்று கேட்டார்கள். அதாவது 1806-ன் அந்த நான்கு பொருள். எந்தப் பிறப்புக் கதை கேட்டாலும் முதலில் அச்சுத் தேதியைப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

கேள்வி (திருநெல்வேலி): காக்டெயில் என்ற பெயருக்கும் சேவல் வாலுக்கும் என்ன சம்பந்தம்?

பெயர்க் கதைகளை எப்படிச் சோதிப்பது என்று மேலே சேலம் வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள். பெயர்க் காரணத்துக்கு இன்னும் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், இனி எடுக்கமாட்டேன்.

கேள்வி (துபாய்): நல்ல போர்பன் பிராண்ட் ஒன்று சொல்லுங்களேன்.

என் எல்லைக்குள் வராது.

கேள்வி (வேலூர்): தாமஸின் நெருப்புப் பானம் புளூ பிளேசரை வீட்டு விருந்தில் செய்யலாமா?

வேண்டாம். கொதிநீரும் ஸ்காட்ச் விஸ்கியும் கலந்து பற்றவைத்து, கைப்பிடியுள்ள இரண்டு வெள்ளி முலாம் குவளைகளுக்கு இடையே எரிய எரிய மாற்றி ஊற்றுவது. தண்ணீரை வைத்துப் பழகு என்று அவரே எழுதுகிறார். எரியும் மது சிந்தினால் அதன் சுடர் எளிதில் கண்ணுக்குத் தெரியாது, சட்டையில் பிடித்த பிறகுதான் தெரியும். பருத்தித் திரைச்சீலை, சுற்றி விருந்தாளிகள், வேண்டவே வேண்டாம்.

திருச்சி மாணவர் மறுபடி: சார், கல்லூரிச் செய்முறைக்கு ஒரு பழைய குறிப்பு தாருங்கள். அளவு எல்லாம் ஒயின் கிளாஸ் என்று இருக்கிறது, புரியவில்லை.

அந்த ஒயின் கிளாஸ் இன்றைய ஒயின் கிளாஸ் இல்லை. அது இரண்டு அவுன்ஸ், கிட்டத்தட்ட 60 மில்லி. போனி என்றால் அதில் பாதி. இது தெரியாமல் கிளாஸ் நிறைய ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

1862-ன் விஸ்கி காக்டெயில்: கம் சிரப் (பிசின் சேர்த்த சர்க்கரைப் பாகு) மூன்று நான்கு வீச்சு, அதாவது புட்டியை ஒரு தடவை உதறினால் விழும் அளவு, பிட்டர்ஸ் இரண்டு வீச்சு, விஸ்கி ஒரு ஒயின் கிளாஸ், எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு. மூன்றில் ஒரு பங்குக்குப் பொடி ஐஸ் போட்டுக் குலுக்கி, வடிகட்டிக் கிளாஸில் ஊற்ற வேண்டும். தாமஸ் இதற்குச் சொன்ன போக்கர்ஸ் பிட்டர்ஸ் மதுவிலக்கோடு போய்விட்டது. அங்கோஸ்டுரா போதும், அதுவும் 1824-ல் வெனிசுவேலாவில் ஒரு ராணுவ மருத்துவர் வயிற்றுக்காகச் செய்ததுதான். கம் சிரப் இல்லையென்றால் சர்க்கரைப் பாகு. விஸ்கி காக்டெயிலைக் கலக்கத்தான் வேண்டும், குலுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்வார்கள். அது பின்னால் வந்த பழக்கம். இரண்டு விதமாகவும் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.