ஜார்ஜியன் கட்டடக்கலை என்றால் என்ன? அது எப்படி இவ்வளவு ஊர்களுக்குப் பரவியது?

முதலில் ஒன்று: ஜார்ஜியா நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை வரிசையாக ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துப் பாணி இது. நடுவில் வாசல், இருபுறமும் ஒரே கணக்கில் ஜன்னல்கள், அளவான அலங்காரம். பாத் நகரின் வளைந்த வீட்டு வரிசையான ராயல் கிரெசன்ட் நல்ல உதாரணம்.

சரி, பரவியது எப்படி? பேரரசு ஒரு காரணம்தான். ஆனால் அச்சுப் புத்தகத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக்கலைஞர் லண்டனில் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தைக் கட்டினார். தூண் முகப்பு, அதன் பின்னால் உயரும் கோபுரம். 1728-ல் தன் வரைபடங்களை நூலாகவும் வெளியிட்டார். அது கப்பலேறியது. கட்டியவரை நேரில் பார்க்காதவர்கள்கூட அதைப் பார்த்துக் கட்டினார்கள். அமெரிக்காவில் அந்தச் சாயலில் எத்தனையோ தேவாலயங்கள் எழுந்தன. கல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ், சென்னை எழும்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் (1821) இரண்டும் அதே வம்சம்தான்.

எழும்பூர் வந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். முகப்பு லண்டன் மாதிரி, ஆனால் உட்பகுதி வட்டம், மேலே குவிமாடம்! களிமண் நிலம் என்பதால், இதைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்ட் நம்மூர்க் கிணறு வெட்டும் முறையில் அஸ்திவாரம் போட்டார். அப்புறம், பளிங்கு மாதிரி மின்னும் தூண்களில் பூசியிருப்பது மதராஸ் சுண்ணாம்புச் சாந்து.