இசை வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாரம் ஒருமுறை கூடி, இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டுப் பேசுகிற ரசிகர் வட்டம் எங்களுடையது. இருபது பேரில் நாலைந்து பேர் ஒரே இசையமைப்பாளரின் தீவிர ரசிகர்கள். எதைப் போட்டாலும் பேச்சு அவரிடமே போய் நிற்கிறது. மற்றவர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவரைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். தடை போட்டால் அதே பேச்சு ஜாடையாக வரும். மற்ற கலைஞர்களை மட்டம் தட்டுவதாக மாறும். மாதத்தில் ஒரு கூட்டத்தை முழுக்க அவருக்கே கொடுங்கள். மற்றக் கூட்டங்களில் கடைசி இருபது நிமிடம் போதும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் இருபது நிமிடம் ஒரு மணி நேரமாக நீண்டுவிடும். கடிகாரம் பார்க்கிற பொறுப்பு அந்த ரசிகர்களில் ஒருவருக்கே இருக்கட்டும்.

அந்த மற்றக் கூட்டங்களின் தலைப்பை ஆளின் பெயரில் வைக்காதீர்கள். ‘தாளவாத்தியமே இல்லாத பாடல்கள்’, ‘பல்லவிக்கு முன் வரும் இசை’ என்று வையுங்கள். ஒரு கலைஞருக்கு இரண்டு பாடலுக்கு மேல் இடமில்லை. பட்டியலை இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் கேட்டால் முதலில் குரல் கொடுப்பவர் விருப்பம்தான் நிற்கும்.

கேள்வி: பெயர் சொல்லாமல் பாட்டைப் போட்டுக் கருத்துக் கேட்டோம். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்ததும் பழைய கதைதான்.

பதில்: பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே நிறுத்துங்கள். முன்னிசையோ இடையிசையோ 60 முதல் 90 விநாடி போதும். மூன்று துண்டுகள், பிரபலமான பாட்டு எதுவும் வேண்டாம். மூன்றையும் போட்டபின் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதட்டும். பிறகு வரிசையை மாற்றி இன்னொரு முறை போடுங்கள், ஏனென்றால் கடைசியாகக் கேட்டதுதான் மனதில் தங்கும். தாள்களை வாங்கிய பிறகே பெயர்.

பெரும்பாலும் தவறுவது ஒலி அளவில்தான். ஒரு பதிவு மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காதுக்குத் தெளிவாகவும் செழுமையாகவும் படும். ஒலிதான் கூடியது என்று கேட்பவருக்குத் தோன்றாது. புதிய பதிவுகள் பழையவற்றைவிடப் பொதுவாக உரக்கவே இருக்கும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே, கைபேசியில் ஒலி அளவு காட்டும் செயலியை வைத்து மூன்றையும் சமப்படுத்திவிடுங்கள். கைபேசி ஒரே இடத்தில் இருக்கட்டும். நகர்த்தினால் அளவு மாறும்.

கேள்வி: ‘யார் பெரியவர்’ சண்டையை எப்படி நிறுத்துவது?

பதில்: இது பழைய சண்டை. 1770களின் பிற்பகுதியில் பாரிஸில் குளுக், பிச்சின்னி என்ற இரு இசையமைப்பாளர்களின் ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து மோதினார்கள். பிச்சின்னிக்கோ குளுக் மீது மரியாதை இருந்தது. 1787இல் குளுக் இறந்தபோது, அவர் நினைவாக ஆண்டுதோறும் கச்சேரி நடத்த வேண்டும் என்று கேட்டவர் பிச்சின்னிதான்.

உங்கள் வட்டத்துக்கு ஒரு விதி போதும்: புகழ்ந்தாலும் குறை சொன்னாலும் பாட்டில் இடத்தைக் காட்ட வேண்டும். ‘இரண்டாவது நிமிடத்தில் வயலின்கள் நின்றதும் புல்லாங்குழல் தனியாக வருகிறதே, அங்கே’ என்றால் எல்லோரும் அந்த இடத்தைப் போட்டுக் கேட்கலாம். ‘அவரைப்போல வருமா’ என்றால் அதைக் கேட்டுப் பார்க்க வழியில்லை. தீவிர ரசிகருக்கு நுணுக்கம் நிறையத் தெரியும். இந்த விதி வந்ததும் அவர் பேச்சே கூட்டத்துக்குப் பயன்படத் தொடங்கும். ஆளை இழிவாகப் பேசினால் மட்டும், கூட்டம் கலைந்தபின் தனியாகச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அவருடைய நண்பர்கள் அவர் பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.