‘படம் – 1’ என்று பில் போட்டால் வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டை அழகுபடுத்த வாங்கிய கைவினைப் பொருட்கள், பழைய பொருட்கள் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ‘அசல் பவானி கைத்தறி ஜமக்காளம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் இரண்டு வாங்கினேன். போர்வை மாதிரி லேசாக இருக்கின்றன. முதல் துவையலிலேயே சிவப்புச் சாயம் பக்கத்துப் பட்டையில் ஏறிவிட்டது. ‘துவைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். – வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லையம்மா. கல்யாண வீட்டில் பத்துப் பேர் மிதித்தாலும் தாங்குவதற்காக நெய்யப்படுவது ஜமக்காளம். கையில் எடுத்தாலே கனம் தெரியும். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறித் துணிக்குப் பவானி பெயரை ஒட்டி விற்கிறார்கள். உங்கள் பணமும் போகிறது, குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் கூலியும் போகிறது.

சாயத்தை முன்னால் வைத்து வாதாடாதீர்கள். அசலிலும் முதல் துவையலில் கொஞ்சம் சாயம் போகலாம். ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை’ என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளை அது இருக்காது. அப்புறம் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த தடவை கோ-ஆப்டெக்ஸிலோ பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள்.

கேள்வி: கூடத்துக்கு ஆத்தங்குடி கல் போட்டோம். கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினேன். பூ டிசைன் வெளுத்துவிட்டது. கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: கேட்க முடியாது. ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. ஆசிட் சிமெண்டைத் தின்னும். போடும்போது கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தண்ணீரும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும் என்று சொல்லியிருப்பார்.

கேள்வி: 18,000 ரூபாய்க்குத் தஞ்சாவூர் ஓவியம் வாங்கினேன். ‘22 காரட் தங்க இதழ்’ என்று வாட்ஸ்ஆப்பில் சொன்னார்கள். எட்டே மாதத்தில் ஓரமெல்லாம் பச்சையும் கறுப்புமாகிவிட்டது. பில்லில் ‘படம் – 1’ என்று மட்டும் இருக்கிறது. – வாசகி, கோவை

பதில்: நல்ல தங்க இதழ் இப்படிப் பச்சை பூக்காது. செம்பு கலந்த போலித் தகடுதான் பூக்கும். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்.

பில்லைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. வாயால் சொல்லும்போது 22 காரட், பர்மா தேக்கு, நூறு வருஷப் பழசு. பில் போடும்போது படம், பெட்டி, விளக்கு. சொன்னதை எழுதச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் பணத்தை எடுத்து நீட்டுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன பொருள், எதில் செய்தது, கையால் செய்ததா, எந்த ஊர், என்ன அளவு எல்லாம் பில்லில் வர வேண்டும். பில்லே தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கீழே அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்பக் கொடுக்கலாம்.

உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது, ஆனால் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. அந்த வாட்ஸ்ஆப் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. தங்கத்தைச் சோதிக்கிறவரிடம் இதழைக் காட்டி எழுத்தில் வாங்குங்கள். கடைக்கு ஒரு நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். விடாதீர்கள்.

கேள்வி: பழைய ரவிவர்மா அச்சுப்படம் மாட்ட ஆசை. அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், சேலம்

பதில்: ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் கல்லச்சு முறையில் படம் போட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும்.

இது எனக்கு 4,500 ரூபாய் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. பழம்பொருள் கடை ஒன்றில் லட்சுமி படம் வாங்கினேன். படத்தின் மரச் சட்டம் பழைய தேக்கு, கண்ணாடியில் அந்தக் காலத்துக் குமிழி. அதில் மயங்கிவிட்டேன். கண்ணாடி மாற்றக் கொடுத்தபோது சட்டம் போடுகிறவர் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே புதுத் தாள், தேநீர்க் கறை ஏற்றியது. பில்லில் ‘படம்’ என்றுதான் இருந்தது. திரும்பப் போய்க் கேட்கக்கூட என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் வாங்கும் முன்பே பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கு அசலா, இரும்பின் மேல் முலாமா? – வாசகி, வேலூர்

பதில்: காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம்.

கேள்வி: அம்மாச்சி வீட்டு மரத் தொட்டிலில் பச்சை, மஞ்சள் பெயிண்ட் உரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறக்கப்போகும் பேரனுக்குக் கட்டலாமா? – வாசகி, தேனி

பதில்: வேண்டாம் அம்மா. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தொட்டிலின் வண்ணம் அதற்கு எவ்வளவோ முந்தியது. தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும், குழந்தையின் மூளையைப் பாதிக்கும். உரிந்த துகள்களை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, தொட்டிலைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். பேரனுக்கு உங்கள் பழைய நூல் சேலையில் தூளி கட்டுங்கள்.